ஃபால்அவுட் 2: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2024 ஏப்ரலில் ஃபால்அவுட் சீரியல் வந்ததிலிருந்து, விண்டோஸ் போட வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தப் பழைய கேமைப் பற்றியே கேட்கிறார்கள். ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன். கடைசியில் வரும் சில பதில்களில் கதை வெளிப்படும். அங்கங்கே எச்சரிக்கை இருக்கிறது.

அக்கா, ஃபால்அவுட் 2ன்னா அந்த சீரியலோட ரெண்டாவது சீசனா?

இல்லை. இது 1998 அக்டோபரில் வந்த கம்ப்யூட்டர் கேம். 1997இல் இன்டர்பிளே நிறுவனம் ஃபால்அவுட் என்ற ரோல்பிளேயிங் கேமை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியை அதே நிறுவனத்தின் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் ஏறக்குறைய ஒரே வருடத்தில் செய்து முடித்தது. சீரியல் நடப்பது 2296இல், இந்த கேம் நடப்பது 2241இல். உலகம் ஒன்றுதான், கதையும் ஆட்களும் வேறு.

கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க.

2077இல் அணு ஆயுதப் போர். கொஞ்சம் பேர் வால்ட் எனப்படும் நிலத்தடிக் கூடங்களுக்குள் போய்ப் பிழைத்துக்கொள்கிறார்கள். முதல் பாகத்தில் வால்ட் 13இன் தண்ணீர் சுத்திகரிப்பு சிப் பழுதாகிறது. அதைத் தேடி நீங்கள் வெளியே வருகிறீர்கள். 80 வருடம் கழித்து, அந்த ஆளின் பேரனாகவோ பேத்தியாகவோ இரண்டாம் பாகத்தில் ஆடுகிறீர்கள். அரோயோ என்ற சின்னக் கிராமம் வறட்சியில் காய்கிறது. மண்ணைத் திரும்ப விளையவைக்கும் ஜி.இ.சி.கே. என்ற பெட்டியைக் கொண்டுவர உங்களை அனுப்புகிறார்கள்.

கையில் இருக்கும் ஒரே துப்பு வால்ட் 13 என்று பொறித்த ஒரு தண்ணீர்க் குடுவை. அதை விற்ற விக் என்ற வியாபாரியைத் தேடுவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

முதல் பாகம் ஆடாம நேரா ரெண்டாவதுக்குப் போலாங்களா?

போகலாம், கதை புரியும். ஆனால் முதல் பாகம் சின்னது, இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். அதை ஆடிவிட்டு வந்தால் கிடைக்கிற சந்தோஷம் தனி. ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் பாகத்தில் ஷேடி சாண்ட்ஸ் என்று ஒரு மண்சுவர்க் கிராமம் வரும். ஊர்த் தலைவரின் மகள் டாண்டியை ரெய்டர்கள் எனும் கொள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், நீங்கள் மீட்டு வருவீர்கள். இரண்டாம் பாகத்தில் அதே கிராமம் என்.சி.ஆர். என்ற குடியரசின் தலைநகராகிவிட்டது. அதன் ஜனாதிபதியாக உட்கார்ந்திருக்கும் கிழவிதான் டாண்டி. முதல் பாகம் ஆடாதவருக்கு அவர் வெறும் ஒரு வயதான ஜனாதிபதி. ஆடியவர் அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வார்.

என்னோட லேப்டாப் ரொம்பப் பழசு, ஓடுமா?

விண்டோஸ் 95 காலத்து கேம். உங்கள் லேப்டாப் எவ்வளவு பழையதாக இருந்தாலும் இதைவிடப் புதியதுதான். ஒரு ஜி.பி. இடம் இருந்தால் தாராளம்.

ஏற்காட்டுல எங்க எஸ்டேட் பக்கம் நெட்டே நிக்காது. ஆஃப்லைன்ல ஆட முடியுமா? பென்டிரைவ்ல காப்பி போட்டுத் தருவீங்களா?

ஆஃப்லைனில் தாராளமாக ஆடலாம். ஜி.ஓ.ஜி. தளத்தில் வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலாகவே கிடைக்கும். சேலத்துக்கு இறங்கும்போது டவுன்லோடு செய்து பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் போதும். அப்புறம் நெட்டே வேண்டாம். ஸ்டீமிலும் கிடைக்கிறது, அடிக்கடி தள்ளுபடிக்கு வரும். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கியதை இங்கே டவுன்லோடு செய்துகொள்ள என் கடை வைஃபையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். திருட்டுக் காப்பி போட்டுத் தரமாட்டேன்.

இன்னொன்று, கேம் தானாக சேவ் செய்யாது. மலையில் மழைக் காற்று அடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும். எஃப்6 அடித்தால் உடனே சேவ், எஃப்7 அடித்தால் திரும்ப லோடு. ஒவ்வொரு ஊருக்குள் நுழையும் முன்னும் எஃப்6 அடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். மொத்தம் பத்து சேவ் இடங்கள் இருக்கின்றன. ஒன்றிலேயே மேலே மேலே எழுதாமல் மாற்றி மாற்றி வையுங்கள். பக், அதாவது கேமில் உள்ள ஏதாவது பிழையில் சிக்கினால், பழைய சேவுக்குத் திரும்பலாம்.

மேடம், பையனுக்குப் பதிமூணு வயசு ஆகுது. பொம்மை மாதிரிதானே இருக்கு, ஆடட்டுங்களா?

வேண்டாங்க. பார்க்கச் சின்னச் சின்னப் பொம்மை உருவங்கள்தான். உள்ளே போதை மருந்து, பாலியல் தொழில், அடிமை வியாபாரம் எல்லாம் வெளிப்படையாகவே வருகிறது. வன்முறையும் கோரமாகத்தான் காட்டப்படும். நியூ ரீனோ என்கிற ஊர் முழுக்கவே அப்படித்தான். பதினெட்டுக்கு மேல் ஆடட்டும். கேம் எங்கேயும் ஓடிப்போகாது.

ஏகப்பட்ட இங்கிலீஷ் படிக்கணுமாமே? தமிழ்ல இல்லையா?

தமிழில் இல்லை. படிக்க நிறைய இருக்கிறது என்பதும் உண்மைதான். முக்கியமான சில ஆட்கள் மட்டும் முகம் காட்டிக் குரலில் பேசுவார்கள், மற்றதெல்லாம் எழுத்துதான். ஆனால் யாரும் உங்களை அவசரப்படுத்துவதில்லை. நீங்கள் பதிலைத் தேர்ந்தெடுக்கும்வரை எதிராளி காத்திருப்பார், அகராதி பார்த்துக்கொண்டே ஆடலாம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒரு பையன் இந்த கேமை முடித்துவிட்டு, இன்டர்வியூவில் இங்கிலீஷ் பேசும் பயம் போய்விட்டதாகச் சொன்னான். பாதி வசவு வார்த்தைகளாகத்தான் கற்றிருப்பான் என்பது வேறு விஷயம்.

கேரக்டர் எப்படிங்க போடறது? ஆரம்பத்துலயே தலை சுத்துது.

ஏழு குணங்கள்: பலம், கூர்மை, தாங்கும் சக்தி, வசீகரம், அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம். முதல் தடவை ஆடுபவர்கள் சுறுசுறுப்பிலும் அறிவிலும் தாராளமாகப் போடுங்கள். சுறுசுறுப்புதான் சண்டையில் ஒரு முறைக்கு எத்தனை ஆக்‌ஷன் பாயின்ட் என்பதைத் தீர்மானிக்கிறது. சுறுசுறுப்பு 10 என்றால் பாயின்டும் 10. பிஸ்டலால் ஒரு முறை சுட 5 பாயின்ட் ஆகும் என்றால் இரண்டு முறை சுடலாம். அறிவு கூடுதலாக இருந்தால் லெவலுக்கு லெவல் திறமைப் புள்ளிகள் அதிகம் கிடைக்கும், பேச்சில் நல்ல பதில்களும் திறக்கும்.

வசீகரத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். அதில் பாதி எண்ணிக்கைக்குத்தான் கூட்டாளிகளைச் சேர்க்க முடியும். முக்கியத் திறமைகளாக ஸ்மால் கன்ஸ், ஸ்பீச், லாக்பிக் மூன்றையும் எடுங்கள். கிஃப்டட் என்ற இயல்பு எல்லாக் குணத்தையும் ஒன்று கூட்டித் தரும், திறமைகளைக் குறைக்கும். எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள், நானும்தான்.

அந்த முதல் கோயில்லயே எறும்பு கடிச்சுச் செத்துட்டே இருக்கேன். கேமே இப்படித்தானா?

இல்லை. அந்தச் சோதனைக் கோயில்தான் இந்த கேமின் மோசமான பகுதி. கோபமாகவே சொல்கிறேன்: பேச்சையும் துப்பாக்கியையும் நம்பிக் கேரக்டர் போட்டவரிடம் ஓர் ஈட்டியைக் கொடுத்து எறும்பையும் தேளையும் குத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பலர் இதோடு மூடிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை, ஓடிக் கடந்துவிடுங்கள். உள்ளே வெடிபொருள் கிடைக்கும். திறக்கவே முடியாத கதவுக்குப் பக்கத்தில் டைமர் வைத்துப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கடைசியில் நிற்கும் கேமரன் என்ற வீரனோடு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்பீச் நன்றாக இருந்தால் பேசியே அனுப்பிவைக்கலாம், இல்லாவிட்டால் அவன் பையிலிருந்து சாவியைத் திருடலாம். உண்மையில் கேம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் நல்ல பாடம் அந்தச் சாவிதான். அதைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கனவுல ஒரு பெரியவர் வந்து சீக்கிரம் வா சீக்கிரம் வாங்கறாரு. டைம் முடிஞ்சுட்டா கேம் ஓவரா?

அவர் ஊர் வைத்தியர் ஹகுனின். பயப்படாதீர்கள். முதல் பாகத்தில்தான் கண்டிப்பான கெடு: 150 நாளுக்குள் சிப்பைக் கொண்டுவராவிட்டால் வால்ட் 13 தாகத்தில் செத்துவிடும். இரண்டாம் பாகத்தில் கேமின் காலண்டர் 13 வருடத்துக்கு ஓடும். நிதானமாகச் சுற்றுங்கள்.

இது நல்லதா என்று கேட்டால், வசதி நல்லது, கதைக்குக் கெடுதல். ஊர் செத்துக்கொண்டிருக்கிறது என்று கனவில் அழுகிறார்கள்; நீங்களோ குத்துச்சண்டைப் போட்டியில் பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் பாகத்தின் நெஞ்சு படபடப்பு இதில் இல்லை.

சண்டை ஏன் இவ்ளோ மெதுவா போகுது?

மாற்றி மாற்றி நகர்த்தும் சண்டை அது. ஆப்ஷன்ஸில் சண்டை வேகத்தைக் கடைசிவரை ஏற்றிவிடுங்கள். அப்புறம் சும்மா சுடாமல் குறிபார்த்துச் சுடுங்கள். ஒரு பாயின்ட் கூடுதலாகும், ஆனால் கண்ணைக் குறிபார்த்தால் ஒரே குண்டில் ஆள் விழ வாய்ப்பு அதிகம். டென் மாதிரி நெரிசலான ஊரில் சண்டை தொடங்கினால் தெருவில் போகிற ஒவ்வொருவரும் தங்கள் முறைக்கு நடந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். டீ போடப் போங்கள்.

அக்கா இந்த சுலிக் என்னையே முதுகுல சுடறான்!

கிளாமத் என்ற ஊரில் 350 டாலர் கடனை அடைத்துக் கூட்டிவந்த அந்தப் பழங்குடி வீரன்தானே? எல்லாரும் அவன் கையில் ஒரு சப்மெஷின் கன்னைக் கொடுப்பார்கள். அவன் அதைப் பர்ஸ்ட்டில் வைத்துச் சரமாரியாகச் சுடுவான், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். அவனிடம் பேசி, சண்டை அமைப்புகளைத் திறந்து, பர்ஸ்ட் என்ற இடத்தில் என்மேல் படாது என்று உறுதியாக இருந்தால் மட்டும் சுடு என்ற வகையில் மாற்றுங்கள். அதைவிட நல்லது, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஒரு சம்மட்டியைக் கொடுத்துவிடுவது. எட்டி அடிப்பதில் அவன் கில்லாடி.

முதல் பாகத்தில் கூட்டாளிகளுக்குக் கவசம்கூட மாற்ற முடியாது. இரண்டாம் பாகத்தில் கவசம் போடலாம், எப்போது ஓட வேண்டும், யாரை முதலில் தாக்க வேண்டும் என்று சொல்லலாம், அவர்களும் உங்களோடு வளர்கிறார்கள். தொடர்ச்சியாக வந்ததில் சந்தேகமே இல்லாமல் மேலானது எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

நியூ ரீனோல காரை நிறுத்திட்டுத் திரும்பி வந்தா காணோம். இது பக்-ஆ?

பக் இல்லை, திருட்டு. ஊர் அப்படி. ஊருக்குள்ளேயே இருக்கிறது, கார்களைப் பிரித்து விற்கும் பட்டறையில் விசாரியுங்கள். பணமோ பேச்சோ துப்பாக்கியோ, ஏதாவது ஒன்று வேலை செய்யும்.

கார் இன்னும் வாங்காதவர்களுக்கு: டென் ஊரில் ஸ்மிட்டி வைத்திருக்கிறான். கெக்கோ என்ற ஊரிலிருந்து ஒரு ஃப்யூவல் செல் கன்ட்ரோலரும் 2000 டாலரும் கொடுத்தால் தருவான். பயண நேரம் சரசரவென்று குறையும், டிக்கியில் சாமான்கள் அடுக்கலாம். பக் வேண்டுமென்றால் அதே காரில் இருக்கிறது: சில சமயம் கார் ஓரிடத்தில் நிற்கும், டிக்கி மட்டும் தனியாகக் கழன்று உங்களோடு வேறு ஊருக்கு வந்துவிடும்.

அவ்வளவு பக் இருக்கா? பேட்ச் எதாவது போடணுமா?

வெளிவந்த நாளில் இன்னும் மோசம். அவசரத்தில் முடித்த கேம். பிழைகளைத் திருத்த அவர்கள் விட்ட பேட்சைப் போட்டால் பழைய சேவ்கள் செல்லாமல் போயின. பாதி ஆடியவர்கள் முதலிலிருந்து ஆட வேண்டிய நிலை. இதை வாங்கிய முதல் வாடிக்கையாளர்கள் இதனால்தான் இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

இன்று கவலை இல்லை. ரசிகர்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பிழைகளைத் திருத்தியிருக்கிறார்கள். ரெஸ்டோரேஷன் புராஜெக்ட் என்ற ஒன்றும் இருக்கிறது. நேரமில்லாமல் வெட்டி எறியப்பட்ட ஊர்களையும் வேலைகளையும் மீட்டுச் சேர்த்தது. முதல் தடவைக்கு பிழைத்திருத்தம் மட்டும் போதும். வெட்டிய பகுதிகளில் சில, வெட்டியதே சரி என்று தோன்றும் தரத்தில்தான் இருக்கின்றன. எதைப் போட்டாலும் ஆட ஆரம்பிக்கும் முன் போடுங்கள். சேவ் எச்சரிக்கை மேலே ஏற்காட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

டென்ல ஒரு கடை வாசல்ல நுழைஞ்சா சாமான் தானாக் காணாமப் போகுது. பேயா?

அந்த ஊரில் நிஜமாகவே ஒரு பேய் உண்டு, ஆனால் அது திருடாது. திருடுவது கடைவாசலில் நிற்கும் சிறுவர்கள். குழந்தைகளைக் கொல்ல முடியும் என்பதால் ஐரோப்பியப் பதிப்புகளில் அவர்களின் உருவங்களை நீக்கினார்கள், திருட்டை நீக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கைகள் பையில் புகுந்தால் உங்களிடம் இருப்பது அந்தப் பதிப்பு.

அறிவை 1ல வச்சா காமெடியா இருக்குமாமே?

இருக்கும். உங்கள் கேரக்டர் வாயைத் திறந்தால் உளறல்தான் வரும். ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள், சிலர் ஏமாற்றுவார்கள், பாதி வேலைகள் கிடைக்கவே கிடைக்காது. கிளாமத்தில் டார் என்று மனவளர்ச்சி குன்றிய மாடு மேய்ப்பவர் ஒருவர் இருக்கிறார். சாதாரணக் கேரக்டரோடு அவர் திக்கித் திணறித்தான் பேசுவார். அறிவு குறைந்த கேரக்டரோடு போனால் இருவரும் இலக்கணச் சுத்தமாக, பண்டிதர்கள் மாதிரி பேசிக்கொள்வார்கள். சிரித்துவிட்டு, அதுவரை அவரை நாம் எப்படிப் பார்த்தோம் என்று கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அதற்காகவே ஒரு தடவை அப்படி ஆரம்பித்துப் பாருங்கள். முழுக்க ஆடுவது கஷ்டம்.

சரி, நேராச் சொல்லுங்க: முதல் பாகமா, ரெண்டாவதா?

செய்நேர்த்தியில் முதல் பாகம். இடத்தில், மனிதர்களில் இரண்டாவது. திரும்பத் திரும்ப நான் ஆடுவது இரண்டாவதைத்தான்.

முதல் பாகத்தில் ஒரே கவலை, அது கடைசிவரை உங்களை விடாது. ஒவ்வொரு இடமும் அந்தக் கவலைக்கு ஏதோ ஒன்றைச் சேர்க்கும். இரண்டாவதை ஆரம்பித்துச் சில மாதங்களிலேயே முதல் பாகத்தை உருவாக்கிய டிம் கெய்ன், லியனார்ட் பொயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் விலகி ட்ராய்கா கேம்ஸ் என்று தனிக்கடை போட்டுவிட்டார்கள். அப்புறம் பலர் ஆளுக்கு ஓர் ஊர் என்று பிரித்துச் செய்தது தெரிகிறது. ஓர் ஊரின் தொனிக்கும் அடுத்த ஊரின் தொனிக்கும் சம்பந்தம் இருக்காது. நியூ ரீனோவில் தெருவுக்குத் தெரு கதை, சான் பிரான்சிஸ்கோவில் கதவைத் திறந்தால் காலி அறை.

ஆனாலும் முதல் பாகம் கேட்டது பிழைப்பது எப்படி என்பது. இரண்டாவது கேட்பது, பிழைத்தாகிவிட்டது, இனி யார் ஆள்வது என்பது. ரெட்டிங் என்ற தங்கச் சுரங்க ஊரைப் பாருங்கள். என்.சி.ஆர்., வால்ட் சிட்டி, நியூ ரீனோ மூன்றுக்கும் அது வேண்டும். நியூ ரீனோ படை அனுப்பவில்லை, போதை மருந்தை அனுப்புகிறது. ஜெட் என்ற அந்த மருந்துக்கு அடிமையான சுரங்கத் தொழிலாளி யார் பக்கம் நிற்பான்? வால்ட் சிட்டியைத் தாக்கும் ரெய்டர்களின் குகையில் ஒரு கணக்குப் புத்தகம் கிடைக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நியூ ரீனோவின் பிஷப் குடும்பத்தில் போய் நிற்கும். இதை யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை. நீங்களாகவே புத்தகத்தை எடுத்துப் புரட்டினால்தான் உண்டு. இப்படி ஊரோடு ஊர் கோத்துக் கிடக்கும் கேம் அதற்கு முன் நான் ஆடியதில்லை.

ஜோக்கு ரொம்ப ஜாஸ்தின்னு திட்டறாங்களே?

திட்டுவதில் நியாயம் இருக்கிறது. செஸ் ஆடும் ராட்சசத் தேள், பேசும் செடி, பாலத்தில் நின்று விடுகதை போடும் கிழவர் என்று போய்க்கொண்டே இருக்கும். பாதி ஜோக்குகள் அந்தக் காலத்து அமெரிக்க, பிரிட்டிஷ் சினிமாவையும் டிவியையும் பார்த்தவர்களுக்கு மட்டுமே. நமக்கு அது ஜோக் என்பதே தெரியாமல் கடந்து போகலாம், ஒருவகையில் அதுவும் நல்லதுதான்.

என் குறை வேறு. முதல் பாகத்தின் சிரிப்பு அந்த உலகத்துக்குள்ளிருந்தே வந்தது. இதில் பல இடங்களில் கேமைச் செய்தவர்கள் உலகத்துக்கு வெளியே நின்று நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள். ஆனால் டெத்க்ளா எனப்படும், கூரிய நகம் கொண்ட ராட்சச மிருகங்கள் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது கேமின் துணிச்சலான யோசனைகளில் ஒன்று. அந்த மிருகங்களுக்கு நேர்வதைப் பார்த்தபின் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

வால்ட் சிட்டிக்காரங்க நல்லவங்கதானே? ஊரே சுத்தமா இருக்கு.

சுத்தமாக இருப்பதும் நல்லவர்களாக இருப்பதும் ஒன்றா? அவர்கள் வால்ட் 8இலிருந்து வந்தவர்கள். நீங்கள் தேடும் ஜி.இ.சி.கே.யை வைத்துத்தான் அந்த ஊரையே எழுப்பினார்கள். உள்ளே பச்சைப் புல், ஆஸ்பத்திரி, நூலகம். வெளியாளுக்கு வெளி முற்றத்தோடு சரி, உள்ளே போக டே பாஸ். குடியுரிமைத் தேர்வு ஒன்று வைக்கிறார்கள். அதில் தேற அறிவு, கூர்மை, அதிர்ஷ்டம் எல்லாம் எக்கச்சக்கமாக வேண்டும். வேலைக்காரர்கள் என்று அழைக்கப்படுபவர்கள் யார் என்று கொஞ்சம் பேசிப் பாருங்கள். டென்னில் அடிமை வியாபாரிகளைக் கண்டு கொதித்தவர்கள் இங்கே நாகரிகமான உடையில் அதையே பார்ப்பீர்கள்.

பக்கத்தில் கெக்கோ. கதிர்வீச்சில் தோல் உரிந்துபோன கூல்கள் வாழும் ஊர், ஒரு பழைய அணுமின் நிலையத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். அதன் கசிவு வால்ட் சிட்டியின் நிலத்தடி நீரில் கலக்கிறது. சாயப்பட்டறைக் கழிவு கலந்து திருமணிமுத்தாறு நிறம் மாறி ஓடுவதைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரருக்கு இந்தச் சண்டையைத் தனியாக விளக்கத் தேவையில்லை. பட்டறைக்காரன் பிழைப்பு ஒரு பக்கம், கிணற்றுக்காரன் வயிறு ஒரு பக்கம். வால்ட் சிட்டி தலைவி லினெட் பேசுவதைக் கேட்டால் தண்ணீரைவிட அந்த முகங்கள் பக்கத்தில் இருப்பதுதான் அவருக்குப் பெரிய தொந்தரவு என்று தெரியும். உலையைச் சரிசெய்யலாம், வெடிக்கவும் வைக்கலாம். என் கடைக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் தடவை சரிசெய்கிறார்கள், இரண்டாம் தடவை ஆர்வக்கோளாறில் வெடிக்கவைத்துவிட்டு முகம் தொங்க வருகிறார்கள்.

அடிமை வியாபாரிங்க கூட்டத்துல சேர்ந்தா நல்ல காசுங்கறாங்க. சேரலாமா?

காசு வரும். நெற்றியில் பச்சையும் குத்திவிடுவார்கள், அது அழியாது. அதற்கப்புறம் நல்ல மனிதர்கள் பலர் உங்களோடு பேசவே மறுப்பார்கள், சில கூட்டாளிகளும் வரமாட்டார்கள். லோடு செய்துதான் தப்பிக்க வேண்டும்.

ஆரம்பத்துலயே நவாரோவுக்கு ஓடிப்போய் பவர் ஆர்மர் எடுக்கறது ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை. மேப்பில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று கேமே சொல்கிறது. நவாரோ, பழைய அமெரிக்க அரசாங்கத்தின் மிச்சமான என்கிளேவின் ராணுவத் தளம். வழியில் அவர்களின் ரோந்துப் படையிடம் சிக்கினால் ஒரு நொடியில் சாம்பல். தப்பிப் போய்ச் சேர்ந்தால் புதிதாகச் சேர வந்தவன் என்று புளுகி உள்ளே நுழையலாம். சீருடைக்காரர்கள் நடுவில் அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு நடப்பது நல்ல த்ரில்.

முதல் தடவை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு டென்னுக்குத் திரும்பினால் அங்கிருக்கும் எந்த ரவுடியின் மிரட்டலுக்கும் அர்த்தம் இருக்காது. பாதி கேமைப் பயமில்லாமல் கடந்துவிடுவீர்கள், பயம்தான் அந்தப் பாதியின் ருசி.

பெத்தஸ்டா எடுத்த ஃபால்அவுட் 3 தானே நிஜமான தொடர்ச்சி?

எண் வரிசைப்படி ஆமாம். 2007இல் உரிமையை வாங்கி 2008இல் வெளியிட்டார்கள். ஆனால் கதை அமெரிக்காவின் அடுத்த கரைக்குப் போய்விட்டது, ஆட்டமும் நேர்ப்பார்வைத் துப்பாக்கிச் சண்டையாக மாறிவிட்டது. நல்ல கேம்தான், உறவு தூரம். இரண்டாம் பாகத்தின் அடுத்த அத்தியாயம் வேண்டுமென்றால் 2010இல் வந்த நியூ வேகாஸை ஆடுங்கள். பிளாக் ஐலில் இருந்த பலர் அப்சிடியன் என்ற நிறுவனத்தில் சேர்ந்து செய்தது. என்.சி.ஆர். அதில் இன்னும் பெருத்து, இன்னும் களைத்து இருக்கும். உங்களோடு இரண்டாம் பாகத்தில் சுற்றிய காசிடியின் மகள் அதில் கூட்டாளியாக வருவாள்; இன்னொரு பழைய கூட்டாளி மார்கஸும் இருக்கிறார்.

கடைசி வில்லனையும் பேசியே ஜெயிக்க முடியுமா? (முடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்)

முடியாது. இதுதான் இந்த கேம்மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தம். முதல் பாகத்தின் வில்லன் மாஸ்டரிடம், அவர் படைத்த மியூட்டன்ட் எனும் உருமாறிய மனிதர்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஆதாரத்தோடு காட்டினால் அவரே உடைந்துபோவார். ஒரு குண்டு செலவாகாது. இரண்டாம் பாகத்தில் வாசலை மறித்து நிற்பது என்கிளேவின் ஆளான ஃபிராங்க் ஹாரிகன். பேசலாம், பதில் வரும், பலன் கிடையாது. ஸ்பீச்சிலேயே வளர்த்த கேரக்டரோடு என்கிளேவின் தலைமையிடமான கடல் எண்ணெய்க் கிணற்று மேடைவரை வந்தவர்கள் அங்கே திகைத்து நிற்கிறார்கள்.

ஒரு தரப்பு, ஹாரிகன் அப்படித்தான் இருக்க வேண்டும், கேட்கும் காது இல்லாத அரசாங்கத்தின் கைதான் அவன் என்கிறது. யோசனை சரி. ஆனால் அதைப் பல மணிநேரம் முன்னாடியே ஆட்டக்காரருக்கு உணர்த்தியிருக்க வேண்டும். வாய் வேலை செய்யும் வழிகள் அங்கேயும் உண்டு, சுற்றி வளைத்துத்தான். விஞ்ஞானி கர்லிங்கை மனம் மாற்றி என்கிளேவின் கொலைகார வைரஸை அந்த மேடையிலேயே திறந்துவிடச் செய்யலாம். கம்ப்யூட்டர் வழியாகத் துப்பாக்கிக் கோபுரங்களை அவன் பக்கம் திருப்பலாம். வாசலருகே நிற்கும் சார்ஜென்ட் கிரானைட்டின் படையைப் பேசி உங்கள் பக்கம் இழுக்கலாம். இம்மூன்றையும் செய்தால் பலவீனமான ஆளும் பிழைத்துவிடுவார்.

முடிச்சுட்டேன் அக்கா. அவ்ளோதானா?

முதல் பாகம் முடிந்தால் முடிந்தது. இதில் முடிவுக் காட்சிகள் ஓடியபின்னும் தொடர்ந்து சுற்றலாம். நியூ ரீனோவுக்குப் போய், எப்போதும் போதையிலேயே இருக்கும் பாதிரியார் டுல்லியைப் பாருங்கள். இந்த கேமின் வழிகாட்டிப் புத்தகத்தையே எடுத்துக் கையில் கொடுப்பார். அதைப் படித்தால் எல்லாத் திறமையும் 300 சதவீதத்துக்கு ஏறிவிடும். இதை முன்னாடியே தந்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாகத்தான் இருக்கும். விட்டுப்போன வேலைகளையெல்லாம் அப்போது போய் முடித்துக்கொள்ளுங்கள்.